30% தப்பாகக் காட்டினாலும் பாஸ்: பிழைக்கு எல்லை போடுவது யார்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சின் ஓட்டம் போகாமல், படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு பேசப்போற விஷயம் கேட்க கொஞ்சம் டிரையா இருக்கும். ஆனா உங்க பாத்ரூம் ஹீட்டர் வரைக்கும் வர்ற விஷயம் இது. அதனால கடைசி வரைக்கும் கேளுங்க.

உங்க வீட்டு டிபி பாக்ஸில் மத்ததைவிட அகலமா ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் டெஸ்ட் என்றோ, வெறும் டி என்றோ ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதுதான் ஆர்.சி.சி.பி. ஹீட்டரில் கரண்ட் கசிந்து உங்க உடம்பு வழியா தரைக்குப் போனால், போகிற கரண்ட்டுக்கும் திரும்பி வருகிற கரண்ட்டுக்கும் கணக்கு உதைக்கும். அதைப் பிடித்து சப்ளையைக் கட் செய்வதுதான் இதன் வேலை. வீட்டில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. விதி என்னவென்றால், கசிவு 15 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் அது விழக்கூடாது. 30 ஆகிவிட்டால் 300 மில்லி செகண்டுக்குள் விழுந்தே ஆகணும்.

அந்தப் பட்டனை அமுக்கினால் சுவிட்ச் விழுகிறதா என்று மட்டும்தான் தெரியும். எத்தனை மில்லி ஆம்பியரில், எத்தனை மில்லி செகண்டில் விழுகிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்ல தனியா ஒரு டெஸ்டர் வேணும். எலக்ட்ரீஷியன் அதை பிளக் பாயின்ட்டில் செருகி, சரியா 30 மில்லி ஆம்பியர் கசிவை உண்டாக்கி, எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று பார்ப்பார்.

சரி, அந்த டெஸ்டர் கொடுக்கிறது நிஜமாவே 30தானா? அதைப் பார்ப்பதுதான் என் வேலை. சென்னையில் ஒரு காலிபரேஷன் லேபில் இருக்கேன். மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், மெகர், எர்த் டெஸ்டர் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை எங்ககிட்ட வரும். எங்ககிட்ட இருக்கிற ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். எங்க ஸ்டாண்டர்டை அதுக்கு மேலே இருக்கிற லேப் பார்க்கும். அந்தச் சங்கிலி அப்படியே டெல்லியில் இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகம் மாதிரியான இடம் வரைக்கும் போகும்.

சர்டிஃபிகேட் மார்க் ஷீட் இல்லை

வர்றவங்க எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "மேடம், பாஸா ஃபெயிலா?"

காலிபரேஷன் சர்டிஃபிகேட் என்பது அடிப்படையில் ஒரு அட்டவணை. நாங்க கொடுத்தது இவ்வளவு, உங்க மீட்டர் காட்டியது இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு, எங்க அளவிலேயே இருக்கக்கூடிய சந்தேகம் இவ்வளவு. அவ்வளவுதான். 'பாஸ்' என்ற வார்த்தை அதில் தானாக வராது. பாஸ் என்று சொல்லணும்னா முதலில் யாராவது ஒரு எல்லை சொல்லணும். இந்த அளவு பிழை வரைக்கும் பரவாயில்லை, அதைத் தாண்டினால் ஆகாது என்று.

அந்த எல்லையைச் சொல்ல வேண்டியவர் லேப் இல்லை, அந்த மீட்டரைப் பயன்படுத்துகிறவர். நிறைய பேருக்கு இதுவே தெரியாது. மருத்துவ லேபில் சுகர் பார்க்கிற மாதிரிதான் இதுவும். எண்ணை லேப் கொடுக்கும். அந்த எண்ணை வைத்து என்ன முடிவு எடுக்கப்போகிறோம் என்பது வேறு கேள்வி.

எல்லாத்துக்கும் ±5%

ஒரு எலக்ட்ரிகல் கான்ட்ராக்ட் கம்பெனி. பெயர் வேண்டாம். அவங்க சூப்பர்வைசர் ஒரு லிஸ்ட்டோடு வந்தார். முப்பது சொச்சம் கருவிகள். எல்லாத்துக்கும் எதிரே ஒரே வரி: 'அனுமதிக்கப்பட்ட பிழை ±5%'. யார் போட்டது, எப்ப போட்டது என்று அவருக்கே தெரியலை. "பழைய ஃபைல்ல அப்படித்தான் மேடம் இருந்துச்சு" என்றார்.

அந்த லிஸ்ட்டில் இரண்டு ஆர்.சி.சி.பி. டெஸ்டர் இருந்தது. 30 மில்லி ஆம்பியர் செட் பண்ணிப் பார்த்தோம். முதல் டெஸ்டர் கொடுத்தது 29.7. பிழை மைனஸ் 1%. இரண்டாவது டெஸ்டர் கொடுத்தது 31.8. பிழை பிளஸ் 6%.

±5% கணக்கில் முதல் டெஸ்டர் சூப்பர் பாஸ், இரண்டாவது ஃபெயில். ஆனா நிஜம் தலைகீழ். முதல் டெஸ்டர்தான் ஃபெயில், இரண்டாவதுதான் பாஸ்.

எப்படி? இந்த வகை டெஸ்டர்களுக்கு என்றே ஐ.இ.சி. 61557 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதன் 6-வது பகுதி, 30 மில்லி ஆம்பியர் விழும் சோதனைக்கு டெஸ்டர் கொடுக்கும் கரண்ட் 0-விலிருந்து பிளஸ் 10% வரை தப்பலாம் என்கிறது. அதாவது 30-லிருந்து 33 வரை. கீழே ஒரு துளி கூட இறங்கக்கூடாது. 15 மில்லி ஆம்பியரில் விழக்கூடாது என்று பார்க்கும் சோதனைக்கு நேர் எதிர். 0-விலிருந்து மைனஸ் 10% வரை, அதாவது 13.5-லிருந்து 15 வரை. மேலே ஏறக்கூடாது.

ஏன் இப்படி ஒரு பக்கமா சாய்ந்த எல்லை? யோசித்துப் பாருங்க. சரியாக 29.9-ல் விழுகிற ஒரு ஆர்.சி.சி.பி. இருக்கு. அது விதிப்படி நல்ல ஆர்.சி.சி.பி.தான். அதுக்கு 29.7 கொடுத்தால் விழாது. உடனே நாம, "இது போச்சு, மாத்துங்க" என்போம். நல்ல பொருளைக் கெட்டது என்று தள்ளிவிட்டோம். பதினைந்து மில்லி சோதனையிலும் அதே கதை. 15.5 கொடுத்துவிட்டு, "ஐயோ விழுந்துடுச்சு, கெட்டுப்போச்சு" என்று சொல்லக்கூடாது.

ஆக, இந்தத் தரநிலை நல்ல ஆர்.சி.சி.பி.யைத் தப்பா தண்டிக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதுக்குக் கொடுக்கும் விலை என்ன? 31-ல்தான் விழுகிற ஒரு சுமாரான ஆர்.சி.சி.பி. சில சமயம் தப்பித்துவிடும். அதை ஏன் ஏத்துக்கிறோம்? 30 என்பது ஒரு மலை விளிம்பு இல்லை. 30-ல் பிழைத்துக்கொள்வார், 31-ல் போய்விடுவார் என்று உடம்பு வேலை செய்வதில்லை. அந்த 30 என்ற எண்ணிலேயே கொஞ்சம் பாதுகாப்பு இடைவெளி வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

நான் சொல்ல வர்ற விஷயம் இதுதான். எந்த மீட்டரிலும் பிழை இருக்கும். அந்தப் பிழை யார் தலையில் விழலாம் என்று முடிவு செய்வதுதான் எல்லை போடுவது. ±5% என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால், அந்த முடிவை நீங்க எடுக்கவே இல்லைன்னு அர்த்தம்.

30%: இவ்வளவு தாராளமா?

இப்ப தலைப்புக்கு வருவோம். வயரிங்கின் இன்சுலேஷன் நல்லா இருக்கா என்று பார்க்கும் மெகருக்கு, அதே 61557-இன் 2-வது பகுதி அனுமதிக்கும் பிழை ±30%. எர்த் டெஸ்டருக்கும் அதே 30%தான். கேட்டவுடனே கோபம் வரும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் 30 சதவீதமா?

வரலாம். ஏன்னா இன்சுலேஷன் எப்படி நடந்துகொள்ளும் என்று பாருங்க. சாதாரண வீட்டு சர்க்யூட்டுக்கு 500 வோல்ட் டி.சி. கொடுத்துப் பார்க்கும்போது குறைந்தது 1 மெகா ஓம் இருக்கணும் என்பது பொதுவான விதி. ஆனா நல்ல புது வயர் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்டும். 200 மெகா ஓமில் 30% தப்பு வந்தாலும் 140. எல்லைக்கு எவ்வளவோ மேலே. ஈரம் இறங்கிப் போன வயர் பல சமயம் அதில் நூறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருக்கும்போது, ரொம்ப நுணுக்கமான மீட்டர் தேவையில்லை.

பிரச்சினை எங்கே வரும்னா, ரீடிங் எல்லைக்குப் பக்கத்தில் வரும்போது. மெகர் 1.1 காட்டுது. 1-க்கு மேலேதானே, ஓகே என்று எழுதிவிட்டுப் போகலாமா? 30% கழித்துப் பாருங்க. உண்மையில் 0.8-க்குப் பக்கத்தில் கூட இருக்கலாம். அதனால் விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியன், பேப்பரில் இருக்கும் எல்லையை அப்படியே எடுக்கமாட்டார். 1.5 காட்டினால்தான் ஓகே என்று தனக்கு ஒரு எல்லை வைத்துக்கொள்வார். 1.5-இல் 30% போனாலும் 1.05 நிற்கும். மீட்டரின் பிழையை அவர் தன் முடிவுக்குள்ளேயே அடக்கிவிட்டார்.

இங்கே ஒரு குழப்பம் வரும். அப்ப லேபில் 30% வரைக்கும் விடலாமா? கூடாது. அந்த 30% என்பது சைட்டுக்கான கணக்கு. வெயில், பேட்டரி இறங்கினது, மீட்டரைச் சாய்த்துப் பிடித்தது எல்லாம் சேர்த்து. எங்க லேபில் ஏ.சி. ஓடும், பேட்டரி புதுசு, மீட்டர் மேஜையில் நேரா உட்கார்ந்திருக்கும். அந்த சொகுசிலேயே ஒரு மீட்டர் 28% தப்பினால், மொட்டை மாடியில் மே மாசத்தில் என்ன ஆகும்? அதனால் லேப் எல்லை சைட் எல்லையைவிட இறுக்கமா இருக்கணும். நல்ல தயாரிப்பாளர்கள் இதைத் தாங்களே செய்கிறார்கள். ஆர்.சி.சி.பி. டெஸ்டருக்குத் தரநிலை 0 முதல் 10% வரை விட்டால், தங்கள் கருவிக்கு 2 முதல் 8% என்று இரண்டு பக்கமும் சுருக்கிக்கொள்வதைப் பார்க்கலாம். அதாவது 30.6-லிருந்து 32.4 வரை. நம்ம இரண்டாவது டெஸ்டர் 31.8. அதிலும் பாஸ்.

சதவீதம் மட்டும் போதாது

உங்களில் யாராவது மல்டிமீட்டர் வைத்திருந்தால் அதன் கையேட்டைப் பாருங்க. 'ரீடிங்கில் ±0.5%, கூட 2 கவுன்ட்' என்கிற மாதிரி எழுதியிருக்கும். அந்த 'கூட 2 கவுன்ட்' என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. கவுன்ட் என்றால் திரையில் கடைசி இலக்கத்தின் ஒரு படி.

0.1 வோல்ட் வரை காட்டும் ரேஞ்சில் 230 வோல்ட் பார்த்தால், 0.5% என்பது 1.15 வோல்ட், 2 கவுன்ட் என்பது 0.2 வோல்ட். மொத்தம் 1.35. ஒரு சதவீதம் கூட இல்லை. அதே ரேஞ்சில் 1 வோல்ட் பார்த்தால்? 0.5% ஒன்றுமே இல்லை, ஆனா 2 கவுன்ட் அப்படியே 0.2 வோல்ட். 20% பிழை! மீட்டர் கெட்டுப்போகலை. அந்த இடத்தில் அதோட சாமர்த்தியம் அவ்வளவுதான். எனவே 'எல்லா ரீடிங்குக்கும் ±5%' என்று எழுதினால், மேலே தேவைக்கு மேல் தாராளம், கீழே முடியாத காரியம். எல்லையை நீங்க நிஜமா அளக்கிற இடத்தில் போடணும்.

எங்களுக்கும் சந்தேகம் உண்டு

இதுவரைக்கும் நான் லேப் என்னமோ கடவுள் மாதிரி பேசிட்டேன். அப்படி இல்லை. 31.8 என்று நாங்க சொன்னால் அதிலும் ஒரு பிளஸ் ஆர் மைனஸ் இருக்கு. அதைத்தான் அன்சர்டன்டி என்கிறோம். பேச்சுக்கு, அது 0.2 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்க.

31.8-க்குக் கவலை இல்லை. ஆனா இன்னொரு டெஸ்டர் 32.3 வருது. எல்லை 32.4. உள்ளேதான் இருக்கு. ஆனா நிஜம் 32.1-லிருந்து 32.5 வரை எங்கேயும் இருக்கலாம். பாஸ் போடலாமா?

இந்தத் தலைவலி பழசு. 1950-களில் அமெரிக்கக் கடற்படைக்கு வேலை செய்த ஜெர்ரி ஹேஸ் இதற்கு ஒரு நடைமுறை விதி கொண்டுவந்தார். சோதிக்கப்படும் கருவியின் எல்லையைவிட, சோதிக்கும் கருவி குறைந்தது நான்கு மடங்கு துல்லியமா இருக்கணும். 4-க்கு 1. கம்ப்யூட்டர் கைக்கு எட்டாத காலத்தில் கணக்கை எளிமையாக்கிய வழி அது. இன்னைக்கும் பல இடங்களில் அது ஒரு வேதவாக்கு மாதிரி ஓடுது. நம்ம கதையில் எல்லையின் பாதி அகலம் 0.9, எங்க சந்தேகம் 0.2. 4.5-க்கு 1. விதிப்படி தேர்ச்சி. ஆனா 32.3 பற்றிய கேள்விக்கு அது பதில் சொல்லலையே!

அதனால் இப்போதைய வழி வேறு. லேப்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலையின் 2017 பதிப்பு, பாஸ் ஃபெயில் சொல்வதானால் அதற்கு ஒரு முடிவு விதி இருக்கணும் என்கிறது. அது வாடிக்கையாளருக்குத் தெரிந்து, அவர் ஒப்புக்கொண்டதாக இருக்கணும். ஒரு விதி: எல்லைக்குள் இருந்தால் பாஸ், அவ்வளவுதான். இதில் எல்லையின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ரீடிங்குக்கு, தப்பா பாஸ் போடும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இன்னொரு விதி: எல்லையிலிருந்து எங்க சந்தேகத்தைக் கழித்து உள்ளே ஒரு கோடு போடு. 30.8-லிருந்து 32.2 வரை வந்தால் மட்டும் பாஸ். இங்கே தப்பா பாஸ் போடும் வாய்ப்பு 2.5%-க்குள் அடங்கிவிடும். ஆனா நல்ல கருவிகள் சிலது ஃபெயில் ஆகும்.

இரண்டில் எது சரி? திரும்பவும் அதே கேள்விதான். தப்பு நடந்தால் யார் தலையில்?

"பழைய ரீடிங்கை எடுத்துடுங்க மேடம்"

அந்த சூப்பர்வைசர் கதையை முடிக்கிறேன். 29.7 கொடுத்த டெஸ்டரை அட்ஜஸ்ட் செய்ய முடியும். அவர் கேட்டது, "அட்ஜஸ்ட் பண்ணிட்டு, பழைய ரீடிங்கை சர்டிஃபிகேட்ல இருந்து எடுத்துடுங்க மேடம். ஆடிட்ல கேள்வி வரும்."

முடியாது என்றேன். ஏன்னா கருவி வந்தபோது இருந்த ரீடிங்தான் அந்த சர்டிஃபிகேட்டிலேயே முக்கியமான எண். போன வருஷம் முழுக்க அவங்க எத்தனையோ வீடுகளில் சோதனை செய்து கையெழுத்துப் போட்டிருக்காங்க. அந்தக் கையெழுத்துகள் செல்லுமா செல்லாதா என்பதை அந்த எண்தான் சொல்லும். அட்ஜஸ்ட் செய்த பிறகு வரும் ரீடிங் நாளைய வேலைக்கு மட்டும்தான்.

அவரை உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். டெஸ்டர் கொடுத்தது குறைவான கரண்ட். குறைவான கரண்ட்டிலேயே விழுந்த ஆர்.சி.சி.பி., 30-லும் விழும். ஆக, பாஸ் ஆன வீடு எல்லாம் பாஸ்தான். சந்தேகம் ஃபெயில் ஆனதில்தான். தேவையில்லாமல் மாற்றியிருக்கலாம். பணம் போயிருக்கும், ஆபத்து இல்லை. அவர் முகத்தில் அப்பத்தான் ரத்தம் வந்தது.

இதே டெஸ்டர் 35 கொடுத்திருந்தால்? கதையே வேறு. பாஸ் ஆன ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பிப் போகணும். 29.7-ஐ அழித்துவிட்டிருந்தால், இந்த இரண்டில் எது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

எல்லையை ரொம்ப இறுக்கிப் போட்டாலும் இதே இடத்தில்தான் அடி விழும். ஒவ்வொரு வருஷமும் பாதி கருவி ஃபெயில், ஒவ்வொரு தடவையும் பழைய வேலையைத் தோண்டணும். இரண்டு வருஷத்தில் சலித்துப்போய் யாரும் ஃபெயிலைக் கண்டுக்கவே மாட்டாங்க. அப்புறம் நிஜமான ஃபெயில் வரும்போது அதுவும் ஃபைலுக்குள் போய்விடும். அதனால் எல்லை என்பது, தாண்டினால் நாம நிஜமாவே ஏதாவது செய்வோம் என்கிற இடத்தில் இருக்கணும். அதை ரீடிங் வருவதற்கு முன்னாடியே எழுதிவைக்கணும். ரீடிங்கைப் பார்த்துவிட்டு எல்லை போடுவது, அம்பு விட்ட பிறகு அதைச் சுற்றி வட்டம் வரைவது மாதிரி.

நீங்க கருவியைத் தொடாத ஆளா இருக்கலாம். ஆனா நாளைக்கு ஒரு ஃபிளாட் வாங்குவீங்க, ஒரு வாடகை வீட்டுக்குப் போவீங்க, ஆபீஸில் யாராவது ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டை நீட்டுவாங்க. அப்ப 'காலிபரேட் செய்த கருவி' என்ற ஸ்டிக்கரோடு நின்னுடாதீங்க. மூணு கேள்வி கேளுங்க. இந்தக் கருவிக்கு என்ன பிழை எல்லை வைத்திருக்கீங்க? அது எந்த முடிவுக்காக? எல்லைக்குப் பக்கத்தில் ரீடிங் வந்தால் என்ன செய்வீங்க?

முதல் கேள்விக்கு எல்லாரும் ஒரு எண் சொல்வாங்க. மற்ற இரண்டுக்கும் பதில் இருந்தால், அந்த ரிப்போர்ட்டை நம்பலாம். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.